பூட்டிய கதவுக்குள் ஒரு பகலும் ஓர் இரவும்

நம்முடைய நாவல்களிலும் நாடகங்களிலும், பின்னர் வந்த சினிமாப் படங்களிலும், சிறைச்சாலை என்பது கதாநாயகன் உள்ளே போவதற்கும் வெளியே வருவதற்கும் மட்டுமே ஏற்பட்ட ஸ்தலமாக இருந்து வருகிறது. தீர்ப்பைக் கேட்டதும் தாய் மூர்ச்சித்து விழுகிறாள். இரும்புக் கதவு சாத்தப்படுகிறது. அடுத்த அத்தியாயத்தில் அவன் தாடியும் நரையுமாக ஊர் எல்லையில் வந்து நிற்கிறான். நடுவே கழிந்த ஏழெட்டு வருஷங்களில் அவன் எப்போது எழுந்தான், எதைத் தின்றான், எங்கே குளித்தான், யாருக்குப் பயந்தான், எதற்காகச் சிரித்தான் என்பதை ஆசிரியர் சொல்வதில்லை. அவரைக் குறைகூறிப் பயனில்லை. மதிலுக்கு உள்ளே நடப்பது மதிலுக்கு வெளியே தெரியக்கூடாது என்பதற்காகத்தானே மதிலைக் கட்டினார்கள்! ஆனாலும், சிறைக்குள்ளேயே நடக்கும் ஒரு கதையை எழுதத் துணிகிற ஒருவர், 1894-ஆம் வருஷத்துச் சிறைச் சட்டத்துக்கும் நாடு விடுதலை பெற்றதற்கும் இடைப்பட்ட அரை நூற்றாண்டில், பழைய சென்னை ராஜதானியின் சிறைகளில் ஒரு நாள் எவ்விதம் விடிந்து எவ்விதம் அடைந்தது என்று அறிய விரும்பினால், அவருக்குக் கிடைக்கக்கூடிய ஆதாரங்கள் எவை, அவற்றுள் எதை எந்த அளவுக்கு நம்பலாம் என்பதை ஆராய்வது வீண் வேலையாகாது.

இவ்விதம் சிறைவாழ்வை அறிந்துகொள்ள நேரே புறப்பட்டுப் போன எழுத்தாளர்களில் தலையாயவர் ருஷ்யாவின் அன்டன் செகாவ். 1890-ல், முப்பது வயதில், க்ஷயத்தின் அறிகுறி உடம்பில் தோன்றியிருந்த நிலையில், அவர் சைபீரியாவின் சேற்றுப் பாதைகளையெல்லாம் வண்டியிலும் படகிலும் கடந்து, கைதிகளைக் குடியேற்றிவைத்திருந்த சகாலின் தீவுக்குப் போய்ச் சேர்ந்தார். அங்கே மூன்று மாதம் தங்கி, கேள்விகள் அச்சிட்ட அட்டைகளைக் கையில் வைத்துக்கொண்டு குடிசை குடிசையாக ஏறி இறங்கி, பெயர் என்ன, வயது என்ன, எந்த வருஷம் தீவுக்கு வந்தாய், எழுதப் படிக்கத் தெரியுமா என்று ஆயிரக்கணக்கான பேரைக் கேட்டு எழுதினார். அரசியல் கைதிகளோடு மட்டும் பேசக்கூடாது என்பது அரசாங்கம் அவருக்கு விதித்த நிபந்தனை. அந்த நிபந்தனை ஒரு வகையில் அவருக்கு நன்மையே செய்தது என்று எனக்குத் தோன்றுகிறது; திருடனையும் கொலைகாரனையும் அவர்களைப் பின்தொடர்ந்து வந்த மனைவிமாரையும் பற்றிய ஒரு பெரிய நூல் அதனால் நமக்குக் கிடைத்தது. இத்தனை பிரயத்தனத்தின் பலனாக அவர் எழுதிய கதைகளோ விரல்விட்டு எண்ணக்கூடியவை.

சென்னை ராஜதானியில் கோயமுத்தூருக்கோ சேலத்துக்கோ இப்படி ஒரு செகாவ் வரவில்லை. நமக்கு வாய்த்தவர்கள் வேறு விதமானவர்கள். அவர்கள் சிறையைப் பார்க்க வந்தவர்களல்லர், சிறைக்குள் தள்ளப்பட்டவர்கள். தேசபக்தியின் காரணமாக உள்ளே போய், படிப்பும் எழுத்தாற்றலும் உடையவர்களாக இருந்தமையால் தம் அநுபவங்களைப் பதிவுசெய்தார்கள். அவர்கள் எழுதியது ஒரு பக்கம். சர்க்கார் எழுதிய சட்டமும், சென்னை ஜெயில் மானுவல் என்ற விதிப்புத்தகமும், வருஷந்தோறும் வெளியான சிறை நிர்வாக அறிக்கைகளும் மற்றொரு பக்கம். இந்த இரண்டுக்கும் நடுவே, மாட்டைத் திருடியோ வரப்புச் சண்டையில் வெட்டியோ உள்ளே வந்த சாமான்யக் கைதி, தான் ஒரு வரியும் எழுதாமலே போய்விட்டான். சிறையில் இருந்தவர்களில் மிகப் பெரும்பாலோர் அவனைப் போன்றவர்களே. அவனைக் காண வேண்டுமானால், பிறர் எழுதிய ஏடுகளின் ஓரங்களில்தான் தேட வேண்டும்.

சர்க்கார் ஏடுகள் உலர்ந்தவை என்று கதாசிரியர்கள் அவற்றைத் தொடுவதில்லை. இது பெரிய நஷ்டம். 1894-ஆம் வருஷத்து ஒன்பதாவது சட்டம் ஒவ்வொரு சிறையிலும் இன்னின்ன புத்தகங்கள் வைக்கப்பட வேண்டும் என்று கூறுகிறது: உள்ளே வந்தவர் பதிவேடு ஒன்று, யார் என்று விடுதலையாவார் என்ற புத்தகம் ஒன்று, தண்டனைப் புத்தகம் ஒன்று, பார்வையாளர் தம் கருத்துக்களை எழுதுவதற்கு ஒன்று, கைதிகளிடமிருந்து எடுத்துக்கொண்ட பணத்துக்கும் பொருள்களுக்கும் ஒன்று. கடைசியாகச் சொன்ன அந்தப் பொருள்களின் புத்தகத்தைச் சற்று நினைத்துப் பாருங்கள். ஒருவன் சிறைவாசலில் நுழைந்த அன்று அவன் மடியில் என்ன இருந்தது, கழுத்தில் என்ன கிடந்தது, இடுப்புக் கயிற்றில் என்ன முடிந்திருந்தது என்பதை ஒரு குமாஸ்தா வரிசைக்கிரமமாக எழுதுகிறான். விடுதலையாகும் நாளில் அதே பொருள்களை எண்ணித் திருப்பித் தருகிறான். இவற்றுக்கு இடைப்பட்ட காலத்தில் அவனுக்குச் சொந்தம் என்று சொல்லிக்கொள்ள அநேகமாக எதுவும் இல்லை.

நுழைவாசலில் சோதனை முடிந்ததும் கைதி வைத்தியர் முன் நிறுத்தப்படுவான். உடம்பில் உள்ள காயங்கள், அடையாளங்கள், உடல்நிலை, எந்த வகையான வேலைக்குத் தகுதி என்பவற்றை அவர் குறிப்பார். கடின வேலையா, நடுத்தர வேலையா, இலேசான வேலையா என்பது அந்த ஒரு நிமிஷப் பரிசோதனையில் முடிவாகும். பிறகு அவனுக்கென்று ஒரு சீட்டு ஏற்படுகிறது. சிறைக்காரர்கள் அதை இன்றும் ஹிஸ்டரி டிக்கெட் என்றே சொல்கிறார்கள். அவன் செய்த வேலை, பெற்ற தண்டனை, அடைந்த நோய், தண்டனையில் கழித்துக்கொள்ளச் சம்பாதித்த மன்னிப்பு நாட்கள் யாவும் அதில் ஏறும். எல்லாவற்றிலும் விசேஷமானது எடைக் கணக்கு. வேலைசெய்யும் ஒவ்வொரு கைதியையும் பதினைந்து நாளைக்கு ஒரு தடவையாவது நிறுத்து, நிறையை அந்தச் சீட்டில் எழுத வேண்டும் என்று சட்டத்தின் முப்பத்தைந்தாவது பிரிவு விதிக்கிறது. அவன் மனத்தில் என்ன நடந்தது என்று எந்தக் காகிதமும் சொல்லாது. ஆனால் இந்த மாதம் இத்தனை பவுண்டு, அடுத்த பட்சம் இரண்டு பவுண்டு குறைவு, அதற்கடுத்து மூன்று குறைவு என்று அந்தப் பத்தி கீழே இறங்கிக்கொண்டு போகும்போது, அவனுக்கு ஊரிலிருந்து என்ன செய்தி வந்திருக்கும் என்று ஊகிக்கத் தெரியாதவர் கதை எழுதப் புக வேண்டியதில்லை.

விடிந்ததும் பூட்டைத் திறந்து எண்ணுவார்கள். சிறையின் முதற்காரியமும் கடைசிக் காரியமும் எண்ணுவதுதான். இருவர் இருவராகக் குந்தவைத்து, வார்டர் எண்ணி, தலைமை வார்டர் சரிபார்த்து, கணக்குத் தப்பினால் மறுபடியும் முதலிலிருந்து எண்ணி, இரவு அடைத்த தொகையும் காலையில் திறந்த தொகையும் ஒத்து வந்த பிறகே மற்ற வேலைகள் தொடங்கும். அதன்பின் வரிசையாகக் கழிப்பிடத்துக்குப் போக வேண்டும்; மறைவு என்பது பெயரளவில்தான். நான் படித்த சிறை நினைவுகளில், சுத்தமாக வாழ்ந்து பழகிய படிப்பாளிகளை அடியைக் காட்டிலும் அதிகமாக வருத்தியது இந்தக் காலைக்கடன் அவமானமே என்று நினைக்கிறேன். சிலர் அதை நேராகவே எழுதியிருக்கிறார்கள். மற்றவர்கள் அந்த இடத்தை நாசூக்காகத் தாண்டிப் போகிறார்கள். தாண்டிப்போகிற அந்த வேகத்திலிருந்தே நமக்கு விஷயம் விளங்குகிறது.

பிறகு கஞ்சி. ராஜதானியின் உள்நாட்டு ஜில்லாக்களில் சிறைச்சோறு என்றால் கேழ்வரகுதான். காலையில் கூழாகவும் பகலில் களியாகவும் அது தட்டில் விழும். சாயங்காலச் சாப்பாட்டைச் சூரியன் இருக்கும்போதே கொடுத்து முடித்து விடுவார்கள். பொழுது சாய்வதற்குள் எல்லோரையும் அடைத்தாக வேண்டுமே! ஐந்து மணிக்குத் தின்றவன் மறுநாள் விடிந்து கஞ்சியைக் காணும்வரை பன்னிரண்டு பதின்மூன்று மணி நேரம் வெறும் வயிற்றோடு கிடக்க வேண்டும். களி உருண்டையின் அளவு, அதில் கலந்த மணல், குழம்பில் மிதந்த கீரைத் தண்டு ஆகியவற்றைப் பற்றிய பேச்சு சிறைக் குறிப்புகளில் இடையறாமல் வருவதன் ரகசியம் இதுதான். பசித்தவனுக்குப் பொழுதைக் காட்டும் கடிகாரம் வயிறுதான்.

சோற்றைப் பற்றிச் சொல்லும்போது, நான் எடுத்துக்கொண்ட காலத்துக்குச் சற்று முற்பட்டதானாலும், தாது வருஷப் பஞ்சத்தைப் பற்றிச் சொல்லாமல் விட மனம் வரவில்லை. 1877-ல் இந்திய சர்க்காரின் பஞ்சப் பிரதிநிதியாக வந்த ஸர் ரிச்சர்டு டெம்பிள் பஞ்ச நிவாரண வேலை செய்தவர்களுக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு தானியமும் சில்லறைக் காசும் போதும் என்று நிர்ணயித்தார். சென்னையின் சுகாதார கமிஷனராக இருந்த டாக்டர் கார்னிஷ் என்பவர் அதைக் கடுமையாக எதிர்த்தார். கல்லுடைக்கும் கூலிக்காரனுக்குச் சர்க்கார் கொடுக்கும் அன்னம் சிறையில் கடின வேலைசெய்யும் கைதிக்குக் கொடுப்பதைவிடக் குறைவாக இருந்தது என்பது அந்த விவாதத்தில் அடிபட்ட வாதங்களில் ஒன்று. வெளியே பட்டினி கிடந்தவர்கள் உள்ளே சோறு கிடைக்கும் என்பதற்காகவே குற்றம் செய்து பிடிபட்டார்கள். எலும்பும் தோலுமாக வந்த அவர்களில் பலர் சிறைக்குள்ளேயே மடிந்து, அந்த வருஷத்துச் சிறை மரணக் கணக்கை உயர்த்தினார்கள். நல்லவனைச் சிறை கெடுத்தது என்றும் கெட்டவனைச் சிறை திருத்தியது என்றும் எழுதிச் சலித்த நம் ஆசிரியர்கள், சோற்றுக்காகச் சிறையை விரும்பி வந்தவனுடைய கதையை எழுதியதாக எனக்கு நினைவில்லை.

கஞ்சிக்குப் பிறகு வேலை. நாளொன்றுக்கு ஒன்பது மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக்கூடாது என்பது சட்டம். ஆனால் ஒன்பது மணி நேரத்தில் எவ்வளவு செய்து காட்ட வேண்டும் என்பதில்தான் சிறையின் முழு வல்லமையும் அடங்கியிருந்தது. இத்தனை படி தானியம், இத்தனை எடை நார், இத்தனை கூடை ஜல்லி என்று அளந்து கொடுத்துவிட்டு மாலையில் அளந்து வாங்குவார்கள். தச்சும் நெசவும் அறிந்தவன் பாக்கியசாலி. வேலூர்ச் சிறையில் நெய்த கம்பளங்கள் ஒரு காலத்தில் கண்காட்சிகளில் பேர்பெற்றவை. தொழில் தெரியாதவனுக்கும், அடக்கி வைக்க வேண்டியவன் என்று அதிகாரி கருதியவனுக்கும் வேறு வேலைகள் காத்திருந்தன.

வ. உ. சிதம்பரம் பிள்ளை 1908 ஜூலையில் கோயமுத்தூர்ச் சிறைக்குக் கொண்டுவரப்பட்டார். இரட்டை ஆயுள் தண்டனை என்று திருநெல்வேலியில் தீர்ப்பாகியிருந்தது. பிறகுதான் அது மேல்முறையீட்டில் குறைந்தது. தூத்துக்குடியில் கப்பல் விட்ட வக்கீல், சிறைக்கு வந்ததும் சணல் கிழிக்கும் யந்திரத்தைச் சுற்றினார். உள்ளங்கைத் தோல் உரிந்து இரத்தம் கசிந்தது. அதன்பின் அவரைச் செக்கில் பூட்டினார்கள். இந்தச் சம்பவத்தைத் தமிழ்நாட்டில் அறியாதவர் இல்லை. ஆனால் செக்கு என்ற சொல்லைக் கேட்டு நாம் கண்ணீர் விடுகிறோமே தவிர, செக்கைப் பார்ப்பதில்லை. நிலத்தில் பதித்த கனத்த கல் உரல். அதற்குள் சாய்ந்து நிற்கும் மர உலக்கை. உலக்கையோடு பிணைத்த நீண்ட கட்டை. கட்டையின் மேல் பாரம். அந்தக் கட்டையின் நுனியை இழுத்துக்கொண்டு வட்டமாகச் சுற்றினால்தான் உலக்கை உரலுக்குள் உருண்டு வித்தை நசுக்கும். முதலில் வித்து நொறுங்கும்போது சுற்றுவது எளிது. பிறகு மாவாகிப் பிசுபிசுத்து, எண்ணெய் கக்கும் தறுவாயில் உலக்கையைப் பிண்ணாக்கு கெட்டியாகப் பற்றிக்கொள்ளும்போது, காலை ஊன்றி உடம்பின் பாரம் முழுவதையும் முன்னால் சாய்த்தால்தான் ஓரடி நகரும். வெயிலில் காய்ந்த தரையில், ஒரே வட்டத்தில், ஒரே திசையில் இதைச் செய்ய வேண்டும். கிண்டியில் காந்தி மண்டபத் தோட்டத்தில் வைத்திருக்கும் அந்தக் கல் உரலின் அருகில் நின்று அதன் கனத்தை ஒரு தடவை பார்த்துவிட்டு வருவது, பத்து மேடைப் பிரசங்கங்களைக் கேட்பதைக் காட்டிலும் கதாசிரியருக்கு உபயோகமானது.

சிதம்பரம் பிள்ளை தம் சிறைவாழ்வை அகவற்பாவில் சுயசரிதையாக எழுதினார்; 1936-ல் அவர் மறைந்த பிறகே அது நூல்வடிவம் பெற்றது. செய்யுளாக இருப்பதால் அதைப் புகழ்மாலை என்று எண்ணி ஒதுக்கிவிடக்கூடாது. யார் என்ன சொன்னான், அதற்கு இவர் என்ன பதில் சொன்னார், எந்த வார்டர் எப்படிப்பட்டவன் என்று வழக்கறிஞரின் ஞாபகசக்தியோடு அவர் சொல்லிக்கொண்டு போகிறார். சக கைதிகள் அவரை மரியாதையோடு நடத்தியதும், அதைக் கண்டு அதிகாரிகள் எரிச்சலடைந்ததும் அதில் வருகின்றன. நான் முன்பு சொன்ன சாமான்யக் கைதி அங்கேதான், ஒரு பெரியவருடைய கதையின் ஓரத்தில், முகத்தைக் காட்டிவிட்டு மறைகிறான். 1910 டிசம்பரில் கண்ணனூர்ச் சிறைக்கு மாற்றப்பட்ட பின், உடனிருந்த கைதிகளுக்கு அறநெறி புகட்டும் பொருட்டு அவர் பாடல்கள் இயற்றினார். ஜேம்ஸ் ஆலனின் நூலைத் தமிழாக்கவும் செய்தார். பகலில் சுமந்த உடம்பு மாலையில் வெண்பா யாத்தது என்றால், அந்த வெண்பாவைக் கேட்கக் கொட்டடியில் ஒரு சபை இருந்திருக்க வேண்டுமல்லவா? கொலைத் தண்டனை தப்பியவனும் கன்னக்கோல்காரனும் கூடி உட்கார்ந்து அறம் கேட்ட அந்தச் சபையை எந்த நாவலாசிரியராவது எழுதக்கூடாதா?

விதியை மீறினால் என்ன நேரும் என்பதைச் சட்டம் பட்டியல் போட்டுச் சொல்கிறது. எச்சரிக்கையில் தொடங்கி, சாதாரணத் துணிக்குப் பதில் கோணி உடுத்தச் செய்வது, விலங்கு பூட்டுவது, தனியறையில் அடைப்பது, தொடர்ந்து தொண்ணூற்றாறு மணி நேரம் வரையில் தண்டனைச் சோறு போடுவது என்று படிப்படியாக ஏறி, முப்பது அடிக்கு மேற்படாத கசையடியில் அது முடிகிறது. அடிக்கும் பிரம்பு அரை அங்குலத்துக்குக் குறையாத கனம் இருக்க வேண்டும். சூப்பரின்டெண்டும் வைத்தியரும் எதிரில் நிற்க வேண்டும். தவணை தவணையாக அடிக்கலாகாது. பதினாறு வயதுக்கு உட்பட்ட பையனானால் அதைவிட இலேசான பிரம்பால், பள்ளிக்கூடத்தில் அடிக்கிற பிரகாரம் அடிக்க வேண்டும் என்று சட்டத்தின் வாசகமே பள்ளிக்கூடத்தைச் சாட்சிக்கு அழைக்கிறது. ஒவ்வொரு தண்டனைக்கும் கைதியின் பெயர், பதிவு எண், பழங்குற்றவாளியா அல்லவா, இதற்கு முன் எத்தனை தடவை சிறைக்குள் குற்றம் செய்தான் என்பதெல்லாம் தண்டனைப் புத்தகத்தில் ஏற வேண்டும்.

ஆயினும் அன்றாட வாழ்வை நடத்தியவை இந்தப் பெரிய தண்டனைகளல்ல. கைதிகளிலேயே சிலரைப் பொறுக்கி எடுத்து, மற்றவர்களை மேய்க்கும் உத்தியோகம் கொடுக்கும் வழக்கம் அந்நாளில் எங்கும் இருந்தது. சட்டத்தின் கண்ணில் அவர்கள் பொதுஜன ஊழியர்கள்! சம்பளமில்லாத காவல்காரன் கிடைத்தான் என்று சர்க்காருக்கு இலாபம். மன்னிப்பு நாட்கள் கூடும் என்று அவனுக்கு இலாபம். இரண்டு இலாபத்துக்கும் விலை கொடுத்தவன் அவன் கைக்குக் கீழே இருந்தவன். யாருக்கு நிழலில் வேலை, யாருக்கு வெயிலில் வேலை, யார் தட்டில் களி பெரிதாக விழும், யார் பாய் கழிவுச் சட்டிக்குப் பக்கத்தில் விரிக்கப்படும் என்பவற்றையெல்லாம் அநேகமாகத் தீர்மானித்தவன் இவன்தான். வெளியே காசு வழங்குகிறாற்போல உள்ளே பீடி வழங்கியது. ஒரு பீடிக்கு ஒரு சோப்புத் துண்டு, இரண்டு பீடிக்கு ஒரு நல்ல வேலை. தடைசெய்த பொருளை உள்ளே கொண்டுவருபவனுக்கு ஆறு மாதம் வரை தண்டனை, அல்லது இருநூறு ரூபாய் வரை அபராதம் என்று சட்டம் கூறியது. சட்டம் கடுமையாகக் கடுமையாகப் பீடியின் விலை ஏறியதே தவிர வரத்து நிற்கவில்லை.

அடைப்புக்குப் பிறகு வருகிற இரவு மிக நீண்டது. விளக்கு வெளியே இருக்கும். வெளிச்சம் படிப்பதற்கு அல்ல, பார்ப்பதற்கு. கொட்டடிக்குள் முறைக்காவல் நிற்கும் கைதி தலைகளை எண்ணி உரக்கக் கூவுவான். அடுத்த கொட்டடியிலிருந்து மற்றொரு குரல் பதில் சொல்லும். இப்படியே மதிலைச் சுற்றிக் குரல் போய்த் திரும்பும். முதல் நாள் இரவு தூங்க முடியாமல் எரிச்சலோடு கேட்டவன், ஆறு மாதம் கழித்து அந்தக் கூச்சல் ஒரு நாள் நின்றுபோனால் திடுக்கிட்டு எழுந்து உட்காருவான். தூக்கு நிறைவேறும் விடியலில் மட்டும் கதவுகள் வழக்கமான நேரத்தில் திறப்பதில்லை. தூக்குக் கைதியை வந்த நாள் முதல் தனியறையில் அல்லும் பகலும் காவலில் வைக்க வேண்டும் என்பது விதியாகையால், மற்றவர்களில் பலர் அவனைப் பார்த்தே இருக்க மாட்டார்கள். பூட்டுத் திறக்கத் தாமதமாவதிலிருந்துதான் அவன் முடிந்த செய்தி சிறை முழுவதும் பரவும்.

ராஜாஜி 1921 டிசம்பரிலிருந்து மூன்று மாதம் வேலூர்ச் சிறையில் இருந்தபோது எழுதிய நாட்குறிப்பு இன்னொரு தினுசானது. அதில் செக்கு இல்லை. தனிமையும் உடல்நலக்குறைவும் சிந்தனையும் இருக்கின்றன. அநேகமாகப் பத்தாண்டுகளுக்குப் பிறகு வகுப்புப் பிரிவினை வந்தது. லாகூர்ச் சிறையில் ஜதீந்திரநாத் தாஸ் அறுபத்துமூன்று நாள் உண்ணாவிரதமிருந்து 1929 செப்டம்பரில் உயிர்நீத்ததன் அதிர்ச்சியில், ஏ, பி, சி என்று கைதிகளை மூன்று வகுப்பாகப் பிரிக்கும் ஏற்பாடு செய்தார்கள். ஏ வகுப்புக்காரர் நாற்காலியும் புத்தகமும் பெற்றார். சி வகுப்புக்காரர் அதே பழைய களியையும் அதே பழைய கொட்டடியையும் பெற்றார். நமக்குக் கிடைத்துள்ள சிறை நினைவுகளில் மேல்வகுப்புக்காரர் எழுதியவை எத்தனை, சி வகுப்புக்காரர் எழுதியவை எத்தனை என்று முதலில் பிரித்துக்கொள்ளாமல், எல்லாவற்றையும் ஒன்றாகக் கலந்து படிக்கிற கதாசிரியர், நிச்சயமாக ஏதாவதொரு திருடனுக்கு நாற்காலி போட்டு உட்காரவைத்து விடுவார்.

சாதாரணக் கைதியின் வெளித்தோற்றத்தை அறிவதற்கு, நான் கண்டவரையில், மிகத் தெளிவான சித்திரம் சென்னை ராஜதானிக்கு வெளியே, திருவாங்கூரிலிருந்து வருகிறது. வைக்கம் சத்தியாக்கிரகத்தில் 1924-ல் இரண்டாவது தடவை தண்டிக்கப்பட்ட ஈ. வெ. ராமசாமி நாயக்கரைத் திருவனந்தபுரம் சிறையில் கண்ட கே. பி. கேசவ மேனன் அந்தக் கோலத்தை எழுதி வைத்தார். காலில் விலங்குச் சங்கிலி, தலையில் கைதிக் குல்லா, முழங்கால்வரை ஒரு துண்டு வேஷ்டி, கழுத்தில் எண் எழுதிய மரப்பலகை. கொலைகாரருக்கும் கொள்ளைக்காரருக்கும் நடுவில் அவர்களைப் போல் இருமடங்கு வேலை. மேனன் தம் தோழரைப் பற்றித்தான் எழுதினார். ஆனால் அந்தச் சங்கிலியும் குல்லாவும் பலகையும் சுற்றியிருந்த மற்ற எல்லோருக்கும் பொதுவானவை. அவர்களையும் சேர்த்தே அவர் வரைந்துவிட்டார்.

பெண்களைப் பற்றிய பதிவுகள் இன்னும் குறைவு. உப்புச் சத்தியாக்கிரகத்தில் ருக்மிணி லட்சுமிபதி வேலூருக்கு அனுப்பப்பட்டார். கடலூர் அஞ்சலை அம்மாள் கர்ப்பிணியாகச் சிறைக்குப் போய், பிரசவத்துக்காக வெளியே விடப்பட்டு, கைக்குழந்தையோடு திரும்பிப் போய் மீதித் தண்டனையை அநுபவித்தார். தாயோடு சிறைக்குள் இருந்த குழந்தைகள் எத்தனையோ. கம்பிக் கதவைப் பிடித்து நிற்கப் பழகி, வார்டரின் சாவிக்கொத்தைப் பார்த்துச் சிரித்த அந்தக் குழந்தைகளைப் பற்றி ஒரு பத்தியாவது எழுதியவர் உண்டா என்று தேடினால் ஏமாற்றமே மிஞ்சுகிறது.

கட்டடங்களிலும் சில போய்விட்டன. சென்னையில் ரயில் நிலையத்துக்கு அருகிலிருந்த மத்திய சிறை 2006-ல் காலிசெய்யப்பட்டு, கைதிகள் புழலுக்குப் போனார்கள்; 2009-ல் அதை இடித்தார்கள். இடிக்குமுன் பொதுஜனங்கள் கூட்டங்கூட்டமாகப் போய்ச் சுற்றிப் பார்த்தார்கள். கோயமுத்தூரில் 1872-ல் ஏற்பட்ட சிறை நிற்கிறது, வேலூரும் நிற்கிறது. 1941-ல் ஏ. கே. கோபாலனும் தோழர்களும் சுவரில் துளையிட்டுத் தப்பியது வேலூரிலிருந்துதான். தப்பியோடிய கதைகளை எல்லோரும் விரும்பிக் கேட்கிறார்கள். மறுநாள் காலை எண்ணிக்கை ஒத்துவராதபோது, முந்திய இரவு காவலிலிருந்த வார்டரின் முகம் எப்படி இருந்திருக்கும் என்று நான் நினைப்பதுண்டு.

அந்த வார்டரும் எழுதாமலே போனவன்தான். மதிலுக்கு வெளியே லைன் வீடுகளில் குடியிருந்து, முறைக்கு முறை உள்ளே போய், அவனும் தன் ஆயுளில் பாதியைச் சிறைக்குள் கழித்தான். கைதியோடு கொடுக்கல் வாங்கல் வைத்துக்கொள்ளக்கூடாது. வேறு தொழில் பார்க்கக்கூடாது. விடுப்பு முடிந்தும் வேண்டுமென்று திரும்பாமலிருந்தாலும், இரண்டு மாத முன்னறிவிப்பை எழுத்தில் கொடுக்காமல் வேலையை விட்டு நின்றாலும், கோழைத்தனம் காட்டினாலும், மாஜிஸ்திரேட் முன் நிறுத்தி இருநூறு ரூபாய் அபராதமோ மூன்று மாதச் சிறையோ விதிக்கலாம் என்று அதே 1894-ஆம் வருஷத்துச் சட்டத்தின் ஐம்பத்துநாலாவது பிரிவு சொல்கிறது. ஜெயகாந்தன் 'கைவிலங்கு' எழுதியபோது சிறை அதிகாரியை நடுநாயகமாக வைத்தார். பிறகு அது 'காவல் தெய்வம்' என்று சினிமாவாயிற்று. ஆனால் அவர் காட்டியது உயர்ந்த நிலையில் இருந்த ஒருவரை. அறுவடைக்கு ஊருக்குப் போன வார்டர் பத்து நாள் தாமதித்துத் திரும்பி, தான் நேற்றுவரை சாவி சுழற்றிய கொட்டடிக்குள்ளேயே எண்ணும் சீட்டுமாக வந்து குந்தியிருக்கும்படி ஆகியிருந்தால், எண்ணிக்கைக்கு எதிரே வந்து நிற்கும் பழைய சகா அவனை எந்தப் பெயரிட்டு அழைப்பான், பீடி வியாபாரிகள் அவனிடம் பழைய பாக்கியைக் கேட்பார்களா, களி உருண்டை அவன் தட்டில் என்ன அளவுக்கு விழும் என்பவற்றுக்கு மானுவலில் விடை இல்லை. அவற்றைக் கதாசிரியர்தான் எழுதியாக வேண்டும்.